யேசபேலின் வயதும் ஆகாபின் தேர்களும்

வேதாகமத்தில் வரும் வடநாடான இஸ்ரவேலின் ராஜா ஆகாப், அவன் ராணி யேசபேல் கதையை நாவலாக்க வருகிறவர்கள் முதலில் சறுக்குவது வயதில். ஆகாபின் வம்சத்தைக் கவிழ்த்த தளபதி யெகூ, படையோடு யெஸ்ரயேல் என்ற ஊருக்குள் நுழைகிறான். கண்ணுக்கு மை தீட்டி, தலையைச் சிங்காரித்துக்கொண்டு அரண்மனை ஜன்னலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவளை முப்பது வயது மோகினியாக்கி, வந்தவனை மயக்கப் பார்த்தாள் என்று எழுதிவிடுவார்கள். பிரசங்க மேடைகளிலும் இதே சித்திரம்தான். வேதாகமமே தரும் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது நிற்காது.

யெகூவின் கலகம் நடந்தது கி.மு. 841. அந்தக் கலகத்தில் தெற்கு நாடான யூதாவின் அரசன் அகசியாவும் செத்தான். அரியணை ஏறியபோது அவனுக்கு வயது 22, ஆண்டது ஒரே வருஷம் என்கிறது வேதாகமத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூல். (நாளாகமத்தின் எபிரெயப் பிரதி 42 என்கிறது. அவன் தகப்பன் 40 வயதில் இறந்தவன் என்பதால் அது நகலெடுத்தவர் கைப்பிழை.) அப்படியானால் அகசியா பிறந்தது 863 வாக்கில். அவன் தாய் அத்தாலியாள், ஆகாபின் மகள். அவளை யேசபேல் பெற்றதாகக் கொள்வதே வழக்கம். அத்தாலியாள் 15 வயதில் பிள்ளை பெற்றாள் என்று மிகக் குறைவாக வைத்தாலும் அவள் பிறப்பு 878க்குப் போகிறது. தாயின் கல்யாணம் அதற்கும் முன்னால், 880ஐ ஒட்டி. ஆகாப் ராஜாவானதோ 874 வாக்கில்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஜன்னலில் நின்றவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு மகன்கள் அடுத்தடுத்து ராஜாவானதைப் பார்த்தவள், பன்னிரண்டு வருஷம் விதவை, யூதாவில் ஆண்ட ராஜாவுக்குப் பாட்டி. இரண்டாவது, அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் ஆகாப் இல்லை, அவன் தகப்பன் உம்ரி. ஆகாப் ஒரு அழகியைக் கண்டு மயங்கி நாட்டைத் தொலைத்தான் என்று தொடங்கும் நாவல் முதல் பக்கத்திலேயே தடம் புரண்டுவிடுகிறது.

உம்ரி படைத்தலைவனாக இருந்து ராஜாவானவன். அவனுக்கு முன்னால் சிம்ரி என்பவன் தன் ராஜாவை, குடித்து வெறித்திருந்த நேரம் பார்த்து வெட்டிவிட்டு ஏழே நாள் ஆண்டான். திர்சா அரண்மனைக்குத் தானே தீ வைத்துக்கொண்டு அதிலேயே செத்தான். அதன் பிறகும் ஜனத்தில் பாதி திப்னி என்பவன் பின்னால் போனது. அந்தச் சண்டை தீர வருஷங்கள் ஆயின. கடைசியில் உம்ரி, சேமேர் என்பவனிடம் ஒரு குன்றை இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கித் தலைநகர் கட்டினான். ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. ஆக 68 கிலோ வெள்ளி. அதுதான் சமாரியா. எந்தக் கோத்திரத்துக்கும் சொந்தமில்லாத, காசு கொடுத்து வாங்கிய மண்ணில் ஊர். பரம்பரைப் பெருமை இல்லாத வம்சத்துக்கு ஒரு நல்ல சம்பந்தம் தேவைப்பட்டது.

பெண் வீட்டுக்கும் அதே நிலைதான். யேசபேலின் தகப்பன் ஏத்பாகாலை வேதாகமம் சீதோனியரின் ராஜா என்கிறது. அவன் இருந்து ஆண்டது பெனிக்கியரின் துறைமுக நகரமான தீருவில். எபேசு நகரத்து மெனாந்தர் தொகுத்த தீருவின் ராஜாப் பட்டியலை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எடுத்துக்காட்டுகிறார். மெனாந்தரின் மூலநூல் அழிந்துபோனது, நமக்கு மிஞ்சியது இந்த மேற்கோள்தான். அதன்படி ஏத்பாகால் அஸ்தரோத் தேவியின் பூசாரி. எட்டு மாதம் மட்டும் ஆண்டிருந்த பெல்லேஸ் என்ற ராஜாவைக் கொன்று பதவிக்கு வந்தான். 32 வருஷம் ஆண்டான். 68 வயதில் செத்தான். கழித்துப் பார்த்தால், முடிசூடியபோது வயது 36. அவன் ஆட்சியை 887 முதல் 856 வரை என்று வைப்பது ஒரு கணக்கு. சுமார் பத்து வருஷம் தள்ளி வைப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும், 895ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டிய யேசபேல் அரண்மனையில் பிறந்தவள் ஆக முடியாது. கோயில் பூசாரி வீட்டில் பிறந்து, விவரம் தெரியும் வயதில் தகப்பன் ராஜாவைக் கொன்று ராஜாவானதைப் பார்த்தவள். பிற்பாடு நாபோத் என்பவன் தன் தோட்டத்தை ராஜாவுக்குத் தர மறுத்த விஷயத்தில், "நீர் இஸ்ரவேலின் ராஜாதானா" என்று புருஷனிடம் அவள் கேட்கும் தொனிக்கு இதைவிட நல்ல முன்கதை வேறு வேண்டியதில்லை. இதுவரை வந்த புனைவுகள் பலவும் அவளைப் பட்டு மெத்தையில் வளர்ந்த ராஜகுமாரியாகவே காட்டிக்கொண்டிருப்பது கைக்கெட்டியதைக் கோட்டைவிட்டது போல.

சம்பந்தத்தால் இரு வீட்டுக்கும் கிடைத்தது சாமான்யமானதல்ல. தீரு கடலுக்குள் இருந்த தீவு நகரம், விளைநிலம் சொற்பம். யெஸ்ரயேல் பள்ளத்தாக்கின் கோதுமையும் மலைச்சரிவின் ஒலிவ எண்ணெயும் அதற்குச் சோறு. சாலொமோன் காலத்திலேயே தீருவின் ஈராமுக்கு வருஷத்துக்கு 20,000 கலக் கோதுமை போய்க்கொண்டிருந்ததாக வேதாகமம் சொல்கிறது. இந்தப் பக்கத்துக்குக் கேதுரு மரமும் தந்த வேலைக்காரரும் துறைமுகமும் வந்தன. தெற்கே அத்தாலியாளை யூதாவுக்குக் கொடுத்து அந்த எல்லைச் சண்டையை முடித்தார்கள். கிழக்கே மோவாபின் ராஜா மேசா 1,00,000 ஆட்டுக்குட்டிகளும் 1,00,000 கடாக்களின் மயிரும் கப்பம் கட்டினான். 1868இல் இன்றைய ஜோர்டானின் தீபானில் கிடைத்த மேசாவின் கல்வெட்டு, உம்ரி மோவாபை வெகு நாள் ஒடுக்கினான் என்று எதிரியின் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. கடலிலிருந்து வனாந்தரச் சாலை வரை ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த காலம் அது.

அரண்மனையை வர்ணிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆகாப் "தந்த அரமனை" கட்டினான் என்ற ஒரு வரியை வைத்து வெள்ளை வெளேரென்று மாளிகை எழுப்பிவிடுகிறார்கள். சமாரியாவில் 1908–10இலும், பிறகு 1931–35இலும் தோண்டியபோது தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பெரும்பாலானவை சின்னச் சின்னத் தகடுகள். தாமரை, சிறகு விரித்த பெண்ணுரு, எகிப்தியத் தேவர்கள், பெனிக்கியக் கைவண்ணம். கட்டிலின் தலைமாட்டிலும் நாற்காலி முதுகிலும் பெட்டி மூடியிலும் பதித்தவை. சுவர் கல்தான், தந்தம் மரச்சாமானில் இருந்தது. இவற்றில் ஒரு பகுதி ஆகாபுக்கு நூறு வருஷம் பிந்தியதாகவும் இருக்கலாம். ஆகவே மொத்தத்தையும் யேசபேலின் சீதனமாக்கிவிட வேண்டாம். கல்யாணக் காட்சிக்கு உதவும் இன்னொன்று 45ஆம் சங்கீதம்: தந்த அரமனைகள், தீருவின் குமாரத்தி காணிக்கையோடு வருவது, தகப்பன் வீட்டை மறந்துவிடு என்று மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்வது எல்லாம் அதில் உண்டு. அது இந்தக் கல்யாணத்துக்கே எழுதிய பாட்டு என்று சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள். நிரூபணம் கிடையாது, நாவலுக்கு அது தடையுமில்லை. அந்தத் தம்பதிக்கு நடுவே துபாஷி மட்டும் வைக்காதீர்கள். எபிரெயமும் பெனிக்கியமும் ஒருவர் பேசினால் மற்றவருக்குப் புரியும் அளவுக்கு நெருக்கம்; எழுத்தும் அதே 22தான்.

மத விவகாரத்துக்கு வருவோம். வெளிநாட்டு ராணிக்கு அவள் தெய்வத்தை வணங்க ஒரு கோயில் கட்டிக்கொடுப்பது அன்றைய ராஜ சம்பந்தங்களில் வழக்கம், சாலொமோனும் செய்தான். ஆகாப் தன் சொந்தத் தெய்வத்தை விட்டுவிட்டவன் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் அகசியா (யூதா ராஜா அகசியா வேறு, இவன் அவனுக்குத் தாய்மாமன்), யோராம், அத்தாலியாள் மூவர் பெயரிலும் இஸ்ரவேலின் தெய்வமான யாவேயின் பெயர் ஒட்டியிருக்கிறது. அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா யாவே பக்தன். யுத்தத்துக்குப் போகுமுன் யாவேயின் பெயரால் குறி சொல்லும் 400 பேரைக் கூட்டி வைத்துக் கேட்கிறான். இரண்டு படகில் கால் வைத்த ராஜா, அவ்வளவுதான்.

பிரச்சினை சாப்பாட்டுப் பந்தியில் தொடங்குகிறது. யேசபேலின் தெய்வமான பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரும் தோப்பு விக்கிரகத்தின் (அசேரா தேவியின்) தீர்க்கதரிசிகள் 400 பேரும் யேசபேலின் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று வேதாகமம் சொல்கிறது. ஆளுக்கு அரைக் கிலோ மாவு என்றால் ஒரு நாளைக்கு 425 கிலோ. நாட்டில் மழை இல்லை. அந்தப் பஞ்சம் வெறும் பக்திக் கதையும் இல்லை: ஏத்பாகால் காலத்தில் ஒரு வருஷம் முழுக்க மழை பொய்த்தது என்று மெனாந்தரும் எழுதியிருக்கிறார். அங்கே ஏத்பாகால் வேண்டிக்கொண்டதும் இடி இடித்ததாம். இங்கே யாவேயின் தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் ஜெபித்ததும் மழை வந்தது. அவரவர் ஊரில் அவரவர் தெய்வத்துக்குப் பெயர்.

பஞ்சத்தின் நடுவே வரும் ஒரு சிறு வசனத்தை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் உயிரோடே காக்கப் புல் கிடைக்குமா என்று பார்க்க, ராஜா ஒரு வழியாகவும் ஒபதியா வேறு வழியாகவும் புறப்படுகிறார்கள். ஒரு ராஜா தானே புல் தேடிப் போவானா? ஆகாபிடம் 2,000 தேர் இருந்ததாக அசீரியக் கல்வெட்டு சொல்கிறது. தேருக்கு இரண்டே குதிரை என்று வைத்தாலும் 4,000 குதிரை. குதிரைக்கு நாளுக்கு எட்டு, பத்துக் கிலோ காய்ந்த தீவனமும் முப்பது லிட்டர் தண்ணீரும் வேண்டும். மொத்தம் 32 முதல் 40 டன் தீவனம், 1,20,000 லிட்டர் தண்ணீர், தினமும். புல் தீர்ந்தால் படை தீர்ந்தது. வடக்கே அசீரியா வளர்ந்துகொண்டிருந்தது. யார் தெய்வம் மெய் என்று எலியாவும் பாகாலின் தீர்க்கதரிசிகளும் மோதிய கர்மேல் மலைப் போட்டிக்கு ராஜா ஏன் தடை சொல்லாமல் ஒத்துக்கொண்டான் என்பதற்கு விடை லாயத்தில் இருக்கிறது.

நாபோத்தின் திராட்சைத்தோட்ட வழக்கு இந்தக் கதையின் முதுகெலும்பு. அரண்மனைக்குப் பக்கத்திலிருந்த தோட்டத்தை ஆகாப் கேட்டான், பிதாக்களின் சொத்து என்று நாபோத் மறுத்தான். இதை அவசரமாக எழுதிக் கெடுப்பவர்கள்தான் அதிகம். யேசபேல் ஆள் அனுப்பி நாபோத்தைக் கொன்றாள் என்று சுருக்கிவிடக் கூடாது. அவள் செய்தது முழுக்க முழுக்கச் சட்டப்படி ஒரு கொலை. ஆகாபின் பெயரால் நிருபம் எழுதுகிறாள். அன்றைய நிருபம் என்றால் பாப்பிரஸ் தாள். சுருட்டி நூல் கட்டி, முடிச்சின்மேல் களிமண் உருண்டை வைத்து, விரல் நுனியளவு முத்திரைக் கல்லை அதில் அழுத்துவார்கள். முத்திரை ஆகாபுடையது. கடிதம் போவது நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கு. உபவாசம் கூறச் சொல்கிறாள்: ஊரில் ஏதோ தெய்வக் குற்றம் நடந்துவிட்டது, பரிகாரம் தேட வேண்டும் என்பதற்கு அதுதான் அறிகுறி. நாபோத்தைச் சபையின் முன்னிலையில் உட்கார வைக்கிறார்கள். எதிரே இரண்டு பேர், ஏனென்றால் மரண தண்டனைக்கு இரண்டு சாட்சி வேண்டும். தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று இரட்டைக் குற்றச்சாட்டு. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். கடிதம் ஆகாபின் பெயரில் வந்தது. காரியம் முடிந்ததும் பெரியவர்கள் செய்தி அனுப்புவது யேசபேலுக்கு. முத்திரை யாருடையது, கை யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. இந்த ஒரு வரியில் ஓர் அத்தியாயம் எழுதலாம்: அந்தப் பெரியவர்களில் ஒருவன் நாபோத்தின் பங்காளியாக இருந்தால்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. நாபோத் செத்தால் நிலம் அவன் பிள்ளைகளுக்குப் போக வேண்டும். ராஜாவுக்கு எப்படி வந்தது? முதல் இராஜாக்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. இரண்டாம் இராஜாக்கள் 9இல் யெகூ பழசை நினைவுபடுத்தும்போது நாபோத்தின் ரத்தத்தோடு அவன் குமாரரின் ரத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறான். வாரிசுகளும் கொல்லப்பட்டார்கள் என்றால் கணக்கு நேராகிறது. அங்கே திராட்சைத்தோட்டம் என்ற பேச்சே இல்லை, நிலம் என்றுதான் வருகிறது. யேசபேலின் பெயரும் இல்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு மரபு. முந்தையது யெகூ சொல்வதுதான் என்று கருதுவோர் உண்டு. அதன்படி குற்றவாளி ஆகாப் ஒருவனே.

யெஸ்ரயேலில் 1990–96இல் நடந்த அகழ்வில் வெளிப்பட்டது சுமார் 290 மீட்டருக்கு 157 மீட்டர் அளவுள்ள நீள்சதுர மதில்வளாகம், மூலைக்கு மூலை கோபுரம், பாறையில் வெட்டிய அகழி. ராணியின் உல்லாச அரண்மனையைவிடத் தேர்ப்படைக் கொட்டடி என்றால்தான் பொருத்தம். பிற்பாடு குன்றின் அடிவாரத்தில் பாறையில் குடைந்த திராட்சை ஆலையும் கிடைத்தது. அது நாபோத்துடையது என்று சொல்ல எதுவுமில்லை, அந்த மண்ணில் திராட்சை விளைந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. யேசபேலின் முத்திரை என்று படத்தோடு சுற்றிவரும் கல்லையும் நம்பி அத்தியாயம் கட்ட வேண்டாம். அது அகழ்வில் கிடைத்ததல்ல, சந்தை வழியாக வந்தது. அதன் எழுத்துகளை அவள் பெயராகப் படிப்பதிலும் தகராறு ஓயவில்லை.

சில்லறை விஷயங்கள் சில. நாணயம் அப்போது இல்லை. வெள்ளியைத் துண்டாக்கித் தராசில் போடுவார்கள், ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். குதிரைச் சேணத்தில் கால்வளையம் கிடையாது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சமையலறையில் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எட்டிப்பார்க்கக் கூடாது. பயறு, வாற்கோதுமை, அத்தி, ஒலிவ எண்ணெய், வெங்காயம் போதும். ராணிக்கு ஊதா உடை என்று எழுதுமுன் ஒரு எண்: 1909இல் ஒரு வேதியியலாளர் 12,000 கடல்நத்தைகளிலிருந்து எடுத்தது 1.4 கிராம் சாயம். முழு அங்கி அல்ல, கரை மட்டும் ஊதாவாக இருந்தாலே ஊர் வாய்பிளக்கும்.

இனி வீழ்ச்சி. இங்கேதான் எழுதுகிறவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதுவும் முதல் அத்தியாயம் எழுதுமுன்.

கி.மு. 853இல் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசார் சிரியாவின் ஒரொண்டஸ் ஆற்றங்கரையில் கர்கார் என்ற இடத்தில் ஒரு கூட்டணியோடு மோதினான். துருக்கியின் குர்க்கில் 1861இல் எடுக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கும் அவனுடைய கல்வெட்டு பட்டியல் தருகிறது. தமஸ்குவின் ஆதாதேசர்: 1,200 தேர், 1,200 குதிரைவீரர், 20,000 காலாட்கள். ஆமாத்தின் இர்குலேனி: 700 தேர், 700 குதிரைவீரர், 10,000 காலாட்கள். இஸ்ரவேலின் ஆகாப்: 2,000 தேர், 10,000 காலாட்கள், குதிரைவீரர் என்று தனியாக இல்லை. அரேபியன் கிந்திபு 1,000 ஒட்டகம். தேர்களில் ஆகாப்தான் முதலிடம். சமாரியாவிலிருந்து கர்கார் நேர்க்கோட்டிலேயே 400 கிலோமீட்டர். இத்தனை தேர் அங்கே போயிருக்க முடியுமா என்று சந்தேகித்து, 200 என்பதைச் செதுக்கியவன் 2,000 ஆக்கிவிட்டான் என்பாரும் உண்டு. யூதாவின் தேர்களும் சேர்ந்த எண் என்பது இன்னொரு விளக்கம். சல்மனாசார் ஜெயித்ததாகத்தான் எழுதிக்கொள்கிறான். ஆனால் 849, 848, 845 என்று அதே கூட்டணியோடு திரும்பத் திரும்ப மோத வந்தவன் முதல் தடவை உண்மையாகவே ஜெயித்திருப்பானா?

ஆகாபின் வாழ்நாளில் ஆகப்பெரிய இந்த யுத்தத்தைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வார்த்தை இல்லை. அது சொல்வது வேறு: தமஸ்குவோடு மூன்று வருஷம் சண்டையில்லை, பிறகு கீலேயாத்திலுள்ள ராமோத்தை மீட்க ஆகாப் அதே தமஸ்குவோடு போருக்குப் போனான், வேஷம் மாறி நின்றும் ஒருவன் குறியில்லாமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் தைத்தது, சாயங்காலம் தேரிலேயே செத்தான். இது எந்த வருஷம்? ஆகாபுக்குப் பின் அவன் மகன்கள் அகசியா 2, யோராம் 12, மொத்தம் 14 வருஷம். அதன் பிறகு யெகூ. யெகூவோ 841இல் சல்மனாசாருக்குக் கப்பம் கட்டினான். நிம்ருதில் கிடைத்த கறுப்புத் தூணில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. வடநாட்டில் ஒரு ராஜா செத்த வருஷத்தை அவன் கணக்கிலும் புது ராஜாவின் கணக்கிலும் இரண்டு தரம் எண்ணுவார்கள். ஆளுக்கு ஒன்று கழித்தால் 14 என்பது 12. 841க்கு 12 கூட்டினால் 853. ஆக, கர்காரில் தமஸ்குவோடு தோள் சேர்த்து நின்ற அதே வருஷம், அதே தமஸ்குவின் அம்பில் ஆகாப் சாக வேண்டும்.

முடியாததில்லை. கோடையில் கர்கார், மழைக்கு முன் ராமோத். பொது எதிரி திரும்பிப் போனதும், தருவதாகச் சொன்ன ஊரை இன்னும் தரவில்லையே என்று பழைய கணக்கைத் தீர்க்கக் கிளம்பிய, களைத்த படை. நாவலுக்கு இது நல்ல வேகம் தரும். இன்னொரு தரப்பு வேறு சொல்கிறது. ராமோத் அத்தியாயத்தின் போர்க் கதையில் ஆகாபின் பெயர் ஒரே ஒருமுறைதான் வருகிறது, மற்ற இடமெல்லாம் வெறும் "இஸ்ரவேலின் ராஜா". எதிரியின் பெயர் வேதாகமத்தில் பெனாதாத், கல்வெட்டில் ஆதாதேசர். முடிவுரையில் ஆகாப் தன் பிதாக்களோடே நித்திரையடைந்தான் என்று, கட்டிலில் செத்த ராஜாக்களுக்குப் போடும் வாக்கியம். ஆகவே இந்தப் போர் பிந்திய ராஜா ஒருவனுடையது, ஆகாப் நோயிலோ மூப்பிலோ இயல்பாகச் செத்தான் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது பக்கம் கனமாகப் படுகிறது. கதைக்கு முதலாவதுதான் தோது. இரண்டையும் கலந்து எழுதுவதுதான் ஆபத்து: ஆகாப் தமஸ்குவுக்கு ஜென்ம எதிரியாக ஓர் அத்தியாயத்திலும் தோழனாக அடுத்ததிலும் வந்து, நடுவில் விளக்கமே இல்லாமல் வாசகர் திண்டாடுவார்.

வம்சம் விழுந்தது 841இல், அதே ராமோத் எல்லையில் தொடங்கி. யோராம் காயம்பட்டு யெஸ்ரயேலுக்கு வந்து படுத்திருக்கிறான். படை ராமோத்தில் யெகூவின் கையில். ராஜா இல்லாத பாசறையில் தளபதிகள் யெகூவை ராஜா என்று எக்காளம் ஊதுகிறார்கள். அங்கிருந்து யெஸ்ரயேல் நேர்க்கோட்டில் 65 கிலோமீட்டர் அளவு. யோர்தான் பள்ளத்துக்கு இறங்கி, பெத்செயான் வழியாக ஏற வேண்டும். யெகூ வெறிகொண்டு ஓட்டுகிறவன் என்று வேதாகமமே சொன்னாலும் ஒரே ஜோடிக் குதிரையால் ஒரே மூச்சில் வர முடியாது. வழியில் குதிரை மாற்ற ஆள் இருந்திருக்க வேண்டும், அதாவது சதி பாசறையோடு நின்றிருக்காது. கிழக்கே பள்ளத்தாக்கு நெடுந்தூரம் திறந்து கிடப்பதால்தான் காவல்காரன் முன்கூட்டியே பார்க்கிறான். வருவது யார் என்று விசாரிக்க அனுப்பிய இரண்டு குதிரைவீரர்கள் போய்த் திரும்பாமலிருக்க நேரமும் இருக்கிறது. யெகூவின் தேரில் கூட நிற்கும் பித்கார் தேரின் மூன்றாம் ஆள். அக்காலத் தேரில் ஓட்டுபவன், எய்பவன், கேடயக்காரன் என மூவர்.

இஸ்ரவேலின் யோராமையும் யூதாவின் அகசியாவையும் கொன்றது யெகூ என்கிறது வேதாகமம். 1993–94இல் தாண் நகர மேட்டில் துண்டுதுண்டாகக் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் ஓர் அரமேய ராஜா, அநேகமாகத் தமஸ்குவின் ஆசகேல், அந்த இருவரையும் கொன்றது தானே என்கிறான்; பெயர்கள் பாதி உடைந்திருக்கின்றன, மிச்ச எழுத்து அவர்களுக்குத்தான் பொருந்துகிறது. யெகூ ஆசகேலின் கையாளாகத் தொடங்கினானா? அப்படிக் கொண்டால் இரண்டு சாட்சியும் ஒத்துப்போகும். இதை வைத்து யாரும் பெரிய நாவல் எழுதாமல் இருப்பது ஆச்சரியம்.

ஜன்னல் காட்சிக்கு மறுபடி வந்தால், அவள் பேசுவது ஒரே வரி. யெகூவை அவள் சிம்ரி என்று அழைக்கிறாள், எஜமானைக் கொன்று ஏழு நாள் ஆண்டவனின் பெயரால். மாமனார் உம்ரி எப்படி அரியணைக்கு வந்தான் என்பதை அந்தக் குடும்பத்தில் நாற்பது வருஷம் கேட்டு வளர்ந்த வசை அது. மையும் சிங்காரமும் ராஜ கோலம்; சாகப் போகிறோம் என்று தெரிந்தே கட்டியது. கீழே தள்ளியவர்கள் அவளுடைய சொந்தப் பிரதானிகள், இரண்டு மூன்று பேர். யெகூ உள்ளே போய்ச் சாப்பிட்டுக் குடித்த பிறகு, அவள் ராஜகுமாரத்தி, அடக்கம் பண்ணுங்கள் என்கிறான். அதற்குள் நாய்கள் மிச்சம் வைத்தது தலையோடும் காலும் உள்ளங்கைகளும்.

பிறகு நடந்ததை வீழ்ச்சிக் கதைகள் எழுதுவதேயில்லை. யேசபேலைக் கொன்றதில் தீருவின் உறவு முறிந்தது. அகசியாவைக் கொன்றதில் யூதா போயிற்று. அங்கே அத்தாலியாள் ஆறு வருஷம் தானே ஆண்டாள். கூட்டணி இல்லாத யெகூ அசீரியனின் காலில் விழுந்தான். யோர்தானுக்குக் கிழக்கே இருந்த நிலம் முழுவதையும் ஆசகேல் பிடுங்கிக்கொண்டான். யெகூவின் மகன் காலத்தில் இஸ்ரவேலுக்கு மிஞ்சிய படையை இரண்டாம் இராஜாக்கள் 13 எண்ணிச் சொல்கிறது: 50 குதிரைவீரர், 10 தேர், 10,000 காலாட்கள். காலாட்களின் எண் கர்காரில் ஆகாப் கொண்டுபோனதே. ஆகாபின் வீழ்ச்சிக்குக் கல்யாணத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டியது மற்ற எண்ணுக்கு. நூறு வருஷம் கழித்து அதே வடநாட்டில் ஓசியா தீர்க்கதரிசி, யெஸ்ரயேலில் சிந்திய ரத்தத்துக்காக யெகூவின் வீட்டாரிடம் பழி கேட்கப்படும் என்றுதான் சொன்னார். ஆகாபின் பெயரை அவர் அங்கே எடுக்கவில்லை.